வண்ணாரப்பேட்டையிலிருந்து லடாக்குக்கு சைக்கிளில் போய் மலையும் ஏற வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 24. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, துணி குடோனில் வேலை. கையில் இருப்பது கியர் இல்லாத சாதாரண சைக்கிள். போன மாதம் அதிலேயே பழவேற்காடு போய் வந்திருக்கிறீர்கள். அடுத்ததாக லடாக் வரை சைக்கிளில் போய், அங்கே ஸ்டோக் காங்ரி என்ற 6,153 மீட்டர் மலையையும் ஏற ஆசை. யாருடைய கதையைப் படிப்பது, எங்கே பயிற்சி எடுப்பது, குன்றுகூட இல்லாத வடசென்னையில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது, இந்த சைக்கிள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் அப்பா தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்து வயதில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். இமயமலைப் பக்கம் நான்கு முறை போயிருக்கிறேன். இதில் நான் கற்றதில் மிக முக்கியமானது ஒன்றுதான்: திரும்பி வரும் வழியை முதலில் யோசிக்க வேண்டும். இந்தப் பதில் முழுக்க அதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

சைக்கிளையும் மலையையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டதால் கோரன் கிராப்பிலிருந்து தொடங்குகிறேன். ஸ்வீடன்காரர். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் இருந்து சைக்கிளில் கிளம்பினார். மலை ஏறும் சாமான்கள் உட்பட நூறு கிலோவுக்கு மேல் சுமை. ஐரோப்பா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா வழியாக நேபாளம் வந்து, அந்தச் சாமான்களைத் தானே முதுகில் சுமந்து எவரெஸ்ட் அடிவாரத்துக்கு ஏற்றினார். ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது, சுமை தூக்க ஷெர்பா கிடையாது. 1996 மே 3ஆம் தேதி உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் பாக்கி இருக்கும் இடம் வரை போய்விட்டார். ஆழமான பனியில் காலை இழுத்து இழுத்து வைத்ததில் நேரம் போய்விட்டது. மேலே போனால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். திரும்பிவிட்டார்.

அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பாடுபட்டு ஒருவன் அங்கே வந்திருக்கிறான். கண்ணுக்கு எதிரே உச்சி. நம் ஊர்க் கணக்கில் நூறு மீட்டர் என்பது ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. அவர் திரும்பி வந்த ஒரு வாரத்தில், மே 10, 11 தேதிகளில், அதே மலையில் புயல் அடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் அனுபவம் மிக்க வழிகாட்டிகளும் இருந்தார்கள். கிராப் மே 23ஆம் தேதி உச்சியைத் தொட்டார். அப்புறம் இறங்கி வந்து, வந்த மாதிரியே சைக்கிளில் ஊருக்குக் கிளம்பினார். எத்தனையோ பேர் எவரெஸ்ட் ஏறியிருக்கிறார்கள். ஆனாலும் மே 3ஆம் தேதி மதியத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதை நம் ஊரில் எப்படிப் பழகுவது? கடல் காற்றை வைத்துத்தான்.

நீங்கள் அதிகாலையில் மேற்கே பார்த்துக் கிளம்பி, செங்குன்றம் தாண்டி ஊத்துக்கோட்டைப் பக்கம் போகிறீர்கள் என்று வையுங்கள். காலையில் காற்றே இருக்காது, இருந்தாலும் லேசாக இருக்கும். மிதிக்க மிதிக்க ஓடும். இன்னும் பத்து கிலோமீட்டர் போகலாமே என்று மனசு சொல்லும். கோடையில் நண்பகலை ஒட்டி கடல் காற்று உள்ளே நுழையும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வரம். மேற்கேயிருந்து வீட்டுக்குத் திரும்பும் சைக்கிள்காரனுக்கு நேராக முகத்தில் அடிக்கும். காலையில் இரண்டரை மணி நேரம் எடுத்த தூரம் மாலையில் நாலு மணி நேரம் எடுக்கும்.

எனக்கு இது தெரியவந்தது நாகலாபுரத்துக்கு முதல்முறை போனபோது. இருந்த பலத்தையெல்லாம் போகும்போதே செலவழித்துவிட்டேன். மலை அடிவாரத்தில் ஓடையில் குளித்து, மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். பெரியபாளையம் தாண்டியதும் பின்சக்கரத்தில் ஒரு கம்பி உடைந்தது. அதுவும் செயின் பக்கத்துக் கம்பி. அந்தப் பக்கம் உடைந்தால் ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்துப் பல் சக்கரத்தை, கழற்றாமல் புதுக் கம்பி போட முடியாது. கழற்றும் சாமான் என்னிடம் இல்லை. சக்கரம் கோணி பிரேக் கட்டையில் உரச, எதிர்காற்றில் மிதித்து, பாதி தூரம் தள்ளிக்கொண்டு, மூலக்கடை வரும்போது இரவு பத்தரை. அப்பா கடையை மூடாமல் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி வாங்கி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். ரிம் எங்கே கோணியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்கு எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருப்பு இறுக்கு, அதே பக்கக் கம்பியைக் கால் திருப்பு தளர்த்து, மறுபடி சுற்றிப் பார் என்றார். அன்று ராத்திரி கற்றுக்கொண்டதுதான், பின்னாளில் ஒடிசாவிலும் இமாச்சல மலைப்பகுதியான ஸ்பிதியிலும் என்னைக் காப்பாற்றியது.

அதனால் உங்கள் முதல் வேலை, வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே சொந்தக் காலில் திரும்பும் பயணங்கள். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டுவது இதற்கு உதவாது. இலக்கில் போய்ச் சேரும்போது பாதிக்கு மேல் பலம் மிச்சம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று உங்களை நீங்களே சோதிப்பதுதான் பயிற்சி.

வடசென்னையில் இருந்து போக நல்ல இடங்கள் இருக்கின்றன. பழவேற்காடு பார்த்துவிட்டீர்கள். அடுத்தது பூண்டி. செங்குன்றம், தாமரைப்பாக்கம் கூட்டுரோடு வழியாகப் போகலாம், ஒரு பக்கம் ஏறத்தாழ 60 கி.மீ. எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944ல் கட்டிய அணை அது. நம் வீட்டுப் பக்கம் சாம்பலும் எண்ணெயுமாகப் பார்க்கிற ஆற்றை அங்கே ஏரியாகப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும். பூண்டிக்குப் பக்கத்திலேயே அல்லிக்குழி மலைக்காடு, அதற்குள் குடியம் குகை. மலை என்று சொல்ல உயரம் பத்தாது. ஆனால் கல்லும் முள்ளுமான பாதையில் நடக்க நல்ல இடம். அருகே அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் வருஷம் பழையவை என்று பின்னால் கணித்திருக்கிறார்கள். அத்தனை காலமாக மனிதன் நடந்த தரை அது. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

பூண்டி சுலபமானதும் திருத்தணி. ஒரே நாளில் போய், 365 படியும் ஏறி இறங்கி, திரும்ப வேண்டும். இதில் முக்கியம் சைக்கிளுக்கு அப்புறம் படி, படிக்கு அப்புறம் மறுபடி சைக்கிள். கால் கேட்கிற கேள்வியே மாறிவிடும். அதற்கும் மேலே திருப்பதி. ஏறத்தாழ 135 கி.மீ. போய் இரவு தங்கி, மறுநாள் அலிபிரி பாதையில் 3,550 படி. உயரக் கணக்கில் 700 மீட்டர் போல ஏறுவீர்கள். மூன்றாம் நாள் சைக்கிளில் வீடு. இந்த மூன்று நாளை அலட்டாமல் முடித்துவிட்டால் உடம்பு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரோட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மணலி, எண்ணூர் விரைவுச்சாலை, மீஞ்சூர் போகும் வழி எல்லாம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடுகள். நின்றுகொண்டிருக்கும் லாரிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருந்து பார்த்தால், வண்டிக்கு இடதுபக்கம் ஒட்டி வரும் சைக்கிள் அவருக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்று செத்தாலும் இன்னொன்று எரியும். பழவேற்காடு பக்கம் போய் முடியாமல் போனால் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை பக்கத்திலேயே வருகிறது. பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ சைக்கிளை ஏற்ற வழி உண்டா என்று ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள். அப்படி வருவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இப்போது சைக்கிள். உங்கள் சைக்கிளை மட்டமாக நினைக்காதீர்கள். அம்பத்தூரில் 1949ல் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள்தான் இந்த ஊரின் பாலையும் பேப்பரையும் கேஸ் சிலிண்டரையும் சுமந்தன. சமவெளியில் ஆயிரம் கிலோமீட்டர் போக அது தாராளமாகப் போதும். எந்த கிராமத்திலும் டியூப் கிடைக்கும், எந்தக் கடைக்காரருக்கும் ரிப்பேர் தெரியும். மலை ஏற்றத்துக்குத்தான் போதாது. ஏன் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் இருக்கும் பல் சக்கரத்தில் 46 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் இரண்டரை சுற்று சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். செங்குத்தான கொண்டை ஊசி வளைவில் 20 கிலோ சுமையோடு ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் எந்த முழங்காலாலும் நாள் முழுக்க இழுக்க முடியாது. ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் என்ற அளவில் கியர் இறங்க வேண்டும். அதாவது முன்பல்லும் பின்பல்லும் கிட்டத்தட்டச் சமமாக, முடிந்தால் பின்னால் அதிகமாக. கியர் சைக்கிள் வாங்கும்போது 21 கியர், 24 கியர் என்று விற்பவர் சொல்லும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். குனிந்து பல்லை எண்ணுங்கள்.

விலை உயர்ந்த வண்டி வேண்டாம். இரும்பு ஃப்ரேம், கேரியர் மாட்ட ஓட்டைகள், தடித்த டயர், இந்த மூன்றும் இருந்தால் செகண்ட் ஹேண்டே போதும். மிச்சக் காசைப் பயணத்துக்கு வையுங்கள். சாமான்களை முதுகில் சுமக்காமல் கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். பம்பு, பஞ்சர் கிட், இரண்டு டியூப், செயின் கழற்றும் சாமான், ஆறு கம்பி, ஃப்ரீவீல் கழற்றும் சாமான், பிரேக் கேபிள், கியர் கேபிள். இவற்றை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சக்கரத்தைக் கழற்றி, ஒரு கம்பியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, புதிதாகப் போட்டு, சாக்பீஸ் வைத்துக் கோட்டம் எடுத்துப் பாருங்கள். முதல்முறை மூன்று மணி நேரம் ஆகும். பரவாயில்லை.

நீண்ட தூரத்தை ஒழுங்காகக் கற்க ஆடாக்ஸ் என்ற முறை இருக்கிறது. இதில் வரும் பயணங்களை பிரவே என்பார்கள். போட்டி இல்லை, முதல் பரிசு இல்லை, நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். உதவிக்குப் பின்னால் வண்டி வரக்கூடாது. பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும், பசித்தால் நீங்களே கடை தேட வேண்டும். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் சூப்பர் ரேண்டனர் என்ற பட்டம். உலகத்தில் இதற்குத் தாய்வீடு பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ். 1891ல் தொடங்கி, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கி.மீ. பயணம். அடுத்தது 2027. சென்னையிலும் பிரவே நடத்தும் குழுக்கள் இருக்கின்றன. முதலில் ஒரு 200 போங்கள். கூட ஓட்டும் மனிதர்களிடம் ஒரே நாளில் கற்பதை எந்தப் புத்தகத்திலும் கற்க முடியாது.

யாருடைய கதையைப் படிப்பது என்று கேட்டீர்களே. கிராப்பைச் சொல்லிவிட்டேன். டெர்வ்லா மர்ஃபியைச் சொல்லாமல் விட முடியாது. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு உலக வரைபடப் புத்தகமும் பரிசாக வந்தன. சைக்கிளில் இந்தியா போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். போனது 1963ல், 31 வயதில். நடுவில் இருபது வருஷத்துக்கு மேல். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். வேலை, குடும்பக் கடன், வீட்டில் நோயாளி என்று கனவைத் தள்ளிப்போட்டவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் நான் இவரைத்தான் சொல்வேன். கியரும் இல்லாமல்தான் வந்தார், தம்பி. கேபிளும் கியரும் கரடுமுரடான ரோட்டில் தாங்காது என்று கிளம்பும்முன்பே கழற்றிவிட்டார். ஏற்றம் வந்த இடத்தில் இறங்கித் தள்ளினார்.

நம் நாட்டிலேயே 1923 அக்டோபர் 15ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டும் ஏறத்தாழ 71,000 கி.மீ. முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். மற்ற மூவர் நடுவில் விலகினார்கள். செல்போன் இல்லை, பல இடத்தில் ரோடே இல்லை. மலைக்கு வந்தால், 2023 மே மாதம் தமிழ்நாட்டில் இருந்து முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறினார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவர்தான் முதல். அதே மாதம் கோவளம் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சையும் ஏறினார். கடல் மட்டத்தில் பிறந்தவனுக்கு மலை எட்டாது என்று யாராவது சொன்னால் கோவளத்தைக் காட்டுங்கள். அது மட்டும் இல்லை, எவரெஸ்டின் உயரத்தை 1850களில் கணக்கிட்ட அந்த மாபெரும் நில அளவையே 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் அளந்த முதல் அடிப்படைக் கோட்டில் இருந்து தொடங்கியதுதான். நம் ஊருக்கும் அந்த மலைக்கும் நடுவே அளவுக்கோடு ஏற்கெனவே போட்டிருக்கிறது.

படிக்க வேண்டும் என்றால், 1928ல் தொடங்கிய இமாலயன் கிளப்பின் ஆண்டிதழ் இருக்கிறது. பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான். ஆனால் எளிமையான ஆங்கிலம். தோற்றுத் திரும்பிய பயணங்களின் குறிப்புகளை முதலில் படியுங்கள். எந்த மணிக்கு, எந்த இடத்தில், ஏன் திரும்பினார்கள் என்று எழுதியிருப்பார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பயண நூல்களைத் தேடிப் பாருங்கள்.

மலையேற்றம் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. பாதையில் நடந்து போகும் டிரெக்கிங் வேறு, கயிறும் ஐஸ் கோடரியும் பிடித்துப் பனியில் ஏறும் மலையேற்றம் வேறு. இரண்டாவதை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. டார்ஜிலிங்கில் 1954ல் தொடங்கிய இமயமலை மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், அப்புறம் மணாலியிலும் பஹல்காமிலும் உள்ள அரசு நிறுவனங்கள். இவற்றில் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். சாப்பாடு, தங்குமிடம், சாமான் எல்லாம் சேர்ந்த கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பல மாதங்களுக்கு முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சியில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்குச் சேர்ப்பார்கள். சிகரங்களுக்கான அனுமதியை டில்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன ஸ்டோக் காங்ரியில் கூட்டம் தாங்காமல் பனிப்பாறை கெட்டுப்போனதால் 2020ல் ஏறத் தடை போட்டார்கள். அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். பயிற்சி முடிந்தபின் எந்தச் சிகரம் என்று யோசிக்கலாம்.

பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தாலும் மலை மலைதான். 2022 அக்டோபர் 4ஆம் தேதி உத்தரகாசிக்கு மேலே திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவு ஏற்பட்டு, பயிற்சிக்குப் போனவர்கள் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். நம் தேனி குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி காட்டுத்தீயில் இருபது பேருக்கு மேல் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். பலர் சென்னையில் இருந்து போனவர்கள், உங்கள் வயதுக்காரர்கள். காய்ந்த புல் மண்டிய மலைச்சரிவில் தீ மனிதனைவிட வேகமாக மேலே ஓடும். இன்றும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதற்குப்பின் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் இருந்து வனத்துறை நாற்பது பாதைகளை முறைப்படி திறந்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு அனுப்புகிறது. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள். அந்த வழியாகவே போங்கள். திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

உடம்புக்கு வடசென்னையிலேயே ஜிம் இருக்கிறது. ஹவுசிங் போர்டு மாடிப்படி. நாலு மாடி ஏறினால் ஏறத்தாழ 12 மீட்டர். 25 தடவை ஏறி இறங்கினால் 300 மீட்டர். முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்து, அதாவது பத்து கிலோ. மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முழங்கால் தப்பிக்கும் என்பார்கள். நான் கொட்டச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இறங்குவதுதான் நமக்குத் தெரியாதது. மலையில் கால் நடுங்கி விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். மெதுவாக, சுமையோடு, படிக்குப் படி கட்டுப்பாடாக இறங்கிப் பழகுங்கள். வாரம் மூன்று நாள், ஆறு மாதம். குடோனில் மூட்டை தூக்கும் உடம்புக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

ஆனால் உயரத்துக்கு மட்டும் இங்கே பயிற்சி கிடையாது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் ராயபுரத்தில் இருப்பதில் பாதி. எவ்வளவு பலசாலி என்பது அங்கே செல்லாது. பலசாலிகள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

லடாக்கின் முக்கிய ஊரான லேவுக்குப் போகும் மணாலி-லே ரோட்டில் எனக்கும் என் நண்பனுக்கும் நடந்ததைச் சொல்கிறேன். அவன் என்னைவிட நல்ல சைக்கிள்காரன். ஏறத்தாழ 4,900 மீட்டர் பாரலாச்சா கணவாயைத் தாண்டி சர்ச்சுவில் கூடாரம் போட்டோம். சர்ச்சு 4,300 மீட்டர் அளவில் இருக்கிறது. தலைவலி என்றான். எனக்கும்தான் இருந்தது. ராத்திரி கூடாரத்தில் என் நாடித்துடிப்பு எனக்கே காதில் கேட்டது. நடுச்சாமத்தில் அவன் வாந்தி எடுக்க வெளியே போனான். திரும்பி வரும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், குடித்தவன் மாதிரி கால் பின்னியது. நேராக நடடா என்று சொன்னேன். நடக்க முடியவில்லை. தலைவலியோடு இப்படித் தள்ளாட்டமும் வந்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே கீழே இறக்க வேண்டும், விடியும் வரை காத்திருக்கக்கூடாது. ஆனால் சர்ச்சுவில் ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஒரு கணவாய் ஏற வேண்டும், அப்புறம்தான் இறக்கம். நாங்கள் இதை வரைபடத்தில் பார்த்திருந்தோம், யோசிக்கவில்லை. நல்லவேளை, ஒரு தாபாவில் லாரி நின்றது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவனைப் படுக்க வைத்து, மறுபடி பாரலாச்சா ஏறி, கேலாங்குக்கு இறக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். கேலாங் 3,100 மீட்டர்தான். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், இரண்டாம் நாள் தேநீர் கேட்டான். அந்த வருஷம் நாங்கள் லே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இரவு தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இங்கிருந்து ராத்திரியில் இறங்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் ஓய்வு. தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், இறங்க வேண்டியதுதான், வேறு பேச்சே இல்லை. மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு அறிகுறியோடு ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இவ்வளவையும் வைத்து உங்களுக்கு லடாக்குக்குப் பதிலாக ஒரு திட்டம் சொல்கிறேன். மூலக்கடை வழியாகப் போகிறதே ஜி.என்.டி. ரோடு, அதன் முழுப்பெயர் கிரேட் நார்தர்ன் டிரங்க் ரோடு. நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் வழியாகக் கொல்கத்தாவுக்குப் போகும் வழி அதுதான். அங்கிருந்து வடக்கே சிலிகுரி, அப்புறம் டார்ஜிலிங். மொத்தம் ஏறத்தாழ 2,300 கி.மீ. நாளுக்கு 80 என்று வைத்தால் ஓய்வு நாட்களும் சேர்த்து ஐந்து வாரம். சிலிகுரி வரை பெரும்பாலும் சமவெளி. கடைசி 75 கி.மீ. தான் ஏற்றம், பொம்மை ரயில் தண்டவாளம் ரோட்டின் குறுக்கே குறுக்கே வரும். 2,258 மீட்டர் கூம் ஊரைத் தாண்டி, கொஞ்சம் இறங்கினால் டார்ஜிலிங். இந்த ஒரு ஏற்றத்துக்காகப் புது வண்டி வாங்கத் தேவையில்லை. உங்கள் பழைய வண்டியிலேயே பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டி, தேவையான இடத்தில் தள்ளிக்கொண்டு போகலாம். 2,000 மீட்டர் உயரம் உடம்பையும் பெரிதாக வாட்டாது.

டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனத்தில்தான் டென்சிங் நார்கே பயிற்சித் தலைவராக இருந்தார். அவருடைய சிலையும் அங்கே இருக்கிறது. அந்த வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அடிப்படைப் பயிற்சிக்குச் சேருங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் கிளம்பினால் வடகிழக்குக் காற்று ஓய்ந்திருக்கும், கடலோர ஆந்திராவில் வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. மார்ச்சில் போய்ச் சேரலாம். பயிற்சித் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிளம்பும் நாளைக் குறியுங்கள். திரும்பி வரும்போது ரயிலில் சைக்கிளைப் பார்சல் போட்டுவிடலாம். அதற்கான காசைக் கிளம்பும்போதே தனியாக எடுத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள், நடுவில் செலவழிக்கக்கூடாது.

அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுவேன், கூப்பிடவில்லை என்றால் இன்ன ஊர் வரைதான் போயிருப்பேன் என்று ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் சமாதானப் பேச்சைவிட அந்தத் தாள் அவருக்கு உதவும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பூண்டிக்குப் போய் வாருங்கள். காலை நாலரைக்குக் கிளம்புங்கள். பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும், அணை கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட, வண்டியைத் திருப்பிவிட வேண்டும். திரும்பும் வழியில் கடல் காற்று எந்த ஊரில் முகத்தில் பட்டது, அப்போது மணி என்ன என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.